ஹார்ட்டைப் பாத்தாங்க, தொடையை யாரும் பாக்கல

எனக்கு 59 வயசு, திருச்சியில தில்லைநகர் பக்கம் ஒரு பிளாட்ல தனியா இருக்கேன். பிஎஸ்என்எல்ல 2020ல விஆர்எஸ் வாங்கிட்டு வந்த கூட்டத்துல நானும் ஒருத்தி. வீட்டுக்காரர் போய் ரொம்ப வருஷமாச்சு, பையன் புனேல வேலை பாக்குறான். சுகரும் பிபியும் பழைய சொத்து. போன வருஷம் ஹார்ட் அட்டாக் வந்துச்சு. சினிமாவுல காட்டுற மாதிரி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு சாயல, தாடையில வலி, முதுகுல ஒரு அழுத்தம், வேர்த்து ஊத்துச்சு, அவ்வளவுதான். கீழ் வீட்டுத் தம்பி ஆட்டோ பிடிச்சுக் கொண்டு போய் சேர்த்தாரு. மணிக்கட்டு வழியா ஆஞ்சியோ பண்ணி முன்பக்கத்துப் பெரிய ரத்தக்குழாயில ஒரு ஸ்டென்ட் வச்சாங்க. எக்கோவுல ஈஎஃப், அதாவது ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் தன்கிட்ட இருக்கிற ரத்தத்துல எத்தனை சதவீதத்தை வெளிய தள்ளுதுங்கிற கணக்கு, 38ன்னு போட்டிருந்தது. பில்லு ரெண்டே கால் லட்சம், இன்சூரன்ஸ் பெரும்பகுதி குடுத்துட்டாங்க, கையிலேருந்து நாப்பதாயிரம் போச்சு. இதெல்லாம் நல்லபடியாதான் முடிஞ்சுது, உசுரைக் காப்பாத்துன டாக்டருங்களை நான் குறை சொல்லல. நான் எழுத வந்தது அதுக்கப்புறம் என் உடம்புல தசை கரைஞ்சுபோன கதை, அதைப் பத்தி யாருமே வாயைத் திறக்கல.

டிஸ்சார்ஜ் சம்மரியில மாத்திரை லிஸ்ட் ஒரு பக்கம் இருந்துச்சு. ரத்தம் உறையாம இருக்க ரெண்டு, கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின், மெட்டோபுரோலால், ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன், நீர் பிரிய லாசிக்ஸ், கூட சுகர் மாத்திரை. கடைசியில ரெண்டே ரெண்டு வரி, உப்பு குறைச்ச டயபடிக் சாப்பாடு, கடினமான வேலை வேண்டாம். கடினமான வேலைன்னா எது, வேண்டாம்னா எத்தனை நாளைக்கு, அதுக்குப் பதிலா என்ன பண்ணணும், ஒண்ணும் இல்ல. புதுக்கோட்டையிலேருந்து அக்கா வந்து தங்குனா. பாசக்காரி. கட்டிலை விட்டு எறங்க விடமாட்டா, தண்ணி குடிக்க எந்திரிச்சாக்கூட "ஏய் நீ படு, நான் எடுத்தாறேன்"னு வந்துருவா. முட்டை கூடாது, கறி கூடாது, மீன் கூடாது, பருப்பு வாயு. காலையில மூணு இட்லி, மத்தியானம் ரசம் சாதம், ராத்திரி அரிசிக் கஞ்சி. பாக்க வர்ற சொந்தக்காரங்க எல்லாம் ஆளுக்கு ரெண்டு இளநீர். இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லிடுறேன், ராமிப்ரிலும் ஸ்பைரனோலாக்டோனும் சேர்த்து சாப்பிடுறவங்களுக்கு ரத்தத்துல பொட்டாசியம் ஏற வாய்ப்பு உண்டு, அதுக்கு மேல தினம் இளநீர் போனா ஆபத்து. சோடியம் குறைச்ச உப்புன்னு கடையில விக்கிறதும் அப்படித்தான், அதுல சோடியத்தைக் குறைச்சுப் பொட்டாசியம் சேர்த்திருப்பாங்க. எனக்கு ஒரு ரத்த டெஸ்டுல ஏறியிருந்தது தெரிஞ்சு இளநீரை நிறுத்தச் சொன்னாங்க. அதுவரைக்கும் அமிர்தம்னு குடிச்சுக்கிட்டிருந்தோம்.

அக்கா ஊருக்குப் போனப்புறம்தான் எனக்கே தெரிய ஆரம்பிச்சுது. குக்கர் மூடியைத் திருகித் திறக்க முடியல, பக்கத்து வீட்டுப் பாப்பாவைக் கூப்பிட வேண்டியிருந்துச்சு. ஜாக்கெட் கை லொடலொடன்னு தொங்குது. முழங்கைக்கு கீழயே நிக்கிற வளையல் மேல வரைக்கும் ஏறுது. குளிக்கும்போது தொடையைத் தொட்டுப் பாத்தா பஞ்சு இறங்கிப்போன பழைய தலகாணி மாதிரி இருந்துச்சு. சாமி ரூம்ல கீழ உக்காந்தேன்னா கதவு நிலையைப் பிடிக்காம எந்திரிக்க முடியல. டவுன் பஸ்ஸோட முதல் படி இருக்குல்ல, அதுல ஒரு காலைத் தூக்கி வச்சுட்டு மறுகாலைக் கொண்டுவர முடியாம கம்பியைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு நின்னேன், பின்னாடி நின்ன காலேஜ் பொண்ணு முதுகுல கை குடுத்துத் தள்ளிவிட்டுச்சு. கண்டக்டர் "பாத்து வாங்கம்மா, வயசான காலத்துல எதுக்கு தனியா வர்றீங்க"ன்னாரு. 59 வயசு எனக்கு. அன்னிக்கு வீட்டுக்கு வந்து அழுதேன், மறைக்க என்ன இருக்கு.

இதுல கூத்து என்னன்னா எடை குறையவே இல்ல. வீட்டு மெஷின்ல அதே 58 கிலோதான். செக்கப் போறப்ப எல்லாம் நர்ஸ் மெஷின்ல ஏத்தி, எழுதிட்டு, வெயிட் மெயின்டெயின் பண்றீங்க குட்னு சொல்லும். சதை கரைஞ்ச எடத்துல கொஞ்சம் நீரும் கொஞ்சம் கொழுப்பும் சேர்ந்தா முள்ளு அதே எடத்துல நிக்கும்ங்கிறது பின்னால தெரிஞ்ச சேதி. இதயம் பலவீனமானவங்களுக்கு உடம்புல நீர் கோத்துக்கும், அதனால எடையை மட்டும் வச்சு சதை போகலன்னு நினைக்கவே கூடாது. எடை தினமும் பாக்கணும்தான், ஆனா அது வேற காரணத்துக்கு. ரெண்டு மூணு நாள்ல சரசரன்னு ரெண்டு கிலோ ஏறுச்சுன்னா அது நீர், உடனே டாக்டருக்கு ஃபோன் பண்ணணும். சதைக்கு அளவு தையல் டேப்புதான். கெண்டைக்கால்ல தடிமனா இருக்கிற எடத்துல சுத்தி அளந்து காலண்டர்ல எழுதி வைங்க, அஞ்சு ரூபா செலவு கூட இல்ல.

மாடிப்படி ஒரு ஃப்ளோர் ஏறினாலே மூச்சு இரைக்குது, காலு நடுங்குது. ஹார்ட் பேஷன்டுக்கு மூச்சு வாங்குனா மனசு எங்க போகும்? மறுபடி அடைச்சிருச்சு, ஸ்டென்ட் மூடிக்கிச்சு, இதான். ராத்திரி கேஷுவாலிட்டிக்கு ஓடியிருக்கேன். ஈசிஜி, ட்ரோபோனின், எக்கோ, தைராய்டு, ஹீமோகுளோபின், நுரையீரல் டெஸ்ட், ஒரு மாஸ்டர் ஹெல்த் செக்கப், எதுலயும் புதுசா பிரச்சனை தெரியல. எக்கோவுல ஈஎஃப் 48க்கு ஏறியிருந்தது. சந்தோஷப்பட வேண்டிய ரிப்போர்ட்டு, எனக்கு இன்னும் பயம்தான் ஜாஸ்தியாச்சு, ஏன்னா ஹார்ட் நல்லாயிருக்குன்னா நான் ஏன் இப்படி இருக்கேன்? ஒரு டாக்டர் "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, தனியா இருக்கீங்கள்ல, மனசு" அப்படின்னு தூக்க மாத்திரை எழுதிக் குடுத்தாரு. இன்னொருத்தர் வயசு ஆகுதுல்லன்னாரு. இந்த ஓட்டத்துல மட்டும் அம்பதாயிரத்துக்குக் கொஞ்சம் கீழ போச்சு, பாதிக்கு மேல ஓபி, அதாவது அட்மிட் ஆகாம பாத்ததுங்கறதால, அதுக்கு இன்சூரன்ஸ் ஒரு பைசா தரல. காசை விடுங்க, பையன்கிட்ட ஃபோன்ல நல்லாருக்கேன்னு சொல்லிட்டு ராத்திரி நாடியைப் பிடிச்சு எண்ணிக்கிட்டே படுத்துக் கெடந்ததுதான் பெரிய நஷ்டம்.

நடுவுல ஸ்டாடின் கதை ஒண்ணு. வாக்கிங் போற எடத்துல ஒரு அம்மா, "அந்தக் கொழுப்பு மாத்திரைதான் உங்க சதையைத் திங்குது, நிறுத்திப் பாருங்க"ன்னாங்க. ஸ்டாடினால தசை வலி வர்றது உண்மைதான், அபூர்வமா பெரிய பிரச்சனையும் ஆகும். ஆனா ஸ்டென்ட் வச்சவ அதைத் தானா நிறுத்துறது விளையாட்டு இல்லைன்னு தோணுச்சு, நேரா டாக்டர்கிட்ட கேட்டேன். தசை சேதமாகுதான்னு காட்டுற சிபிகே ரத்த டெஸ்ட் எடுத்தாங்க, நார்மல். வைட்டமின் டி ரொம்பக் கம்மியா இருந்தது, அதுக்கு வாரம் ஒரு மாத்திரை குடுத்தாங்க. 2022ல லான்செட்ல வந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்புல ஸ்டாடின் சாப்பிடுறவங்க சொல்ற தசைத் தொந்தரவுல 90 சதவீதத்துக்கு மேல அந்த மாத்திரையால வந்தது இல்லைன்னு வந்திருக்கு. சந்தேகம் இருந்தா டெஸ்ட் பண்ணிட்டு டாக்டர் டோஸைக் குறைப்பாரு, இல்ல வேற மாத்திரைக்கு மாத்துவாரு. வாக்கிங் அம்மா சொன்னாங்கன்னு நிறுத்தாதீங்க.

விஷயம் பிடிபட்டது ஒரு சின்ன கிளினிக்ல. சுகருக்காகப் போனேன், அங்க வயசான ஃபிசிஷியன் ஒருத்தர், நான் நாற்காலியோட ரெண்டு கையையும் பிடிச்சு ஊனி எந்திரிச்சதைப் பாத்துட்டு "இருங்கம்மா, உக்காருங்க. கையை நெஞ்சுல குறுக்கக் கட்டிக்கிட்டு அஞ்சு தடவை எந்திரிச்சு உக்காருங்க"ன்னாரு. ரெண்டாவது தடவையே முடியல. பக்கத்து ரூம்ல இருந்த பிசியோகிட்ட அனுப்புனாரு, அவங்க ஒரு கைப்பிடி மீட்டரைக் குடுத்து முடிஞ்ச மட்டும் அழுத்தச் சொன்னாங்க, 13 கிலோ காட்டுச்சு. ஆசியக்காரங்களுக்கு 2019ல போட்ட அளவுகோல்படி பொம்பளைங்களுக்கு 18 கிலோவுக்குக் கீழ, ஆம்பளைங்களுக்கு 28க்குக் கீழ போனா பலவீனம்னு கணக்கு. நாற்காலியிலேருந்து அஞ்சு தடவை எந்திரிக்க 12 செகண்டுக்குள்ள முடியணும். கெண்டைக்கால் சுத்தளவு பொம்பளைங்களுக்கு 33 சென்டிமீட்டர், ஆம்பளைங்களுக்கு 34க்குக் குறையக்கூடாது, எனக்கு 30. இதுக்கு சார்கோபீனியான்னு பேரு, தசை அளவும் பலமும் சேர்ந்து குறையிறது. மாசக்கணக்குல நான் தேடிக்கிட்டிருந்த பதிலுக்கு அந்த மீட்டரும் டேப்பும் ஒரு நாற்காலியும்தான் வேண்டியிருந்துச்சு. எக்கோ மெஷின்ல இதெல்லாம் எப்படித் தெரியும்?

அவர் சொல்லித்தான் எனக்கு முழுசா விளங்குச்சு. முப்பது வயசு தாண்டுனாலே பத்து வருஷத்துக்கு 3லேருந்து 8 சதவீதம் தசை குறையுமாம், அறுபதுக்கு மேல இன்னும் வேகம். அதுலயே படுத்துட்டா கேக்கவே வேண்டாம். 2007ல அமெரிக்காவுல ஒரு சின்ன ஆராய்ச்சி, ஆரோக்கியமான வயசானவங்களைப் பத்து நாள் படுக்கையிலயே வச்சுப் பாத்தாங்க, கால்ல மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போயிருச்சு. ஒரு வியாதியும் இல்லாதவங்களுக்கே அப்படின்னா என்னை மாதிரி ஆளுக்கு? இதயம் பலவீனமா இருக்கும்போது உடம்புல ஒரு அழற்சி ஓடிக்கிட்டே இருக்குமாம், பசி செத்துப்போகும், குடல்ல நீர் கோத்தா சாப்பிட்டதும் சரியா ஒட்டாது, தசை கட்டுறதை விடக் கரையிறது ஜாஸ்தி. அப்புறம் அந்தக் கரைஞ்ச தசை இதயத்துக்கே வேலை வைக்கும். பலமில்லாத தசை சீக்கிரம் களைச்சுப்போகும், களைச்ச தசையிலேருந்து மேல போற நரம்பு சிக்னல் மூச்சை வேகமாக்கும், நாம ஹார்ட்தான் கெட்டுப்போச்சுன்னு மூலையில உக்காருவோம், உக்காந்தா இன்னும் கரையும். ஈஎஃப் நம்பருக்கும் ஒருத்தரால எவ்வளவு நடக்க முடியுதுங்கிறதுக்கும் பெரிய சம்பந்தம் இல்லைன்னு அவர் சொன்னப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு, நான் நடிக்கல, மனசுப் பிரச்சனையும் இல்லன்னு ஆச்சுல்ல. சுகருக்கும் இதே கதைதான், சாப்பாட்டுல வர்ற சர்க்கரையை ஜாஸ்தியா உறிஞ்சிக்கிறது தசை, அது கரைஞ்சா சுகர் ஏறும், சுகர் ஏறுனா ரத்தக்குழாய் கெடும்.

அட்டாக் வராதவங்களும் இதைக் கேட்டுக்கோங்க. இந்தியா உட்பட 17 நாட்டுல ஒரு லட்சத்து நாப்பதாயிரம் பேர்கிட்ட கைப்பிடி பலத்தை அளந்து வருஷக்கணக்கா கவனிச்ச ப்யூர் ஆய்வுன்னு ஒண்ணு 2015ல வந்துச்சு. பிடி பலம் அஞ்சு கிலோ குறையக் குறைய இதய நோயால சாகுற வாய்ப்பு 17 சதவீதம் கூடுது, மேல் ரத்த அழுத்தத்தை விட இந்தப் பிடி மீட்டர் சாவை நல்லாக் கணிச்சுது. கையை அழுத்தி அழுத்திப் பழகுனா ஹார்ட் சரியாயிடும்னு அர்த்தம் இல்ல, உடம்போட மொத்த நிலவரத்தை அந்தப் பிடி காட்டிக்குடுக்குது. நம்ம ஊர்ல பிபி பாக்காத கிளினிக் இல்ல, பிடி மீட்டர் வச்சிருக்கிற கிளினிக்கைத் தேடணும். எனக்கு இதுல கோவம் உண்டு.

சரி, என்ன பண்ணேன்னு சொல்றேன். முதல்ல கார்டியாலஜிஸ்ட்கிட்ட திரும்பப் போய், பலத்துக்கான பயிற்சி பண்ணலாமான்னு நேரடியா கேட்டேன், ட்ரெட்மில் டெஸ்ட் ஒண்ணு எடுத்துட்டு தாராளமா பண்ணுங்கன்னு எழுதியே குடுத்தாரு. கேட்டதும் குடுத்தாருன்னா முன்னாடியே ஏன் சொல்லலைன்னு நெனச்சேன், கேக்கல. பிசியோவுக்கு ஒரு தடவைக்கு ஐநூறு ரூபா, முதல்ல வாரம் மூணு நாள், அப்புறம் ஒரு நாள், மிச்சம் வீட்டுல. பண்றதும் பெரிய வித்தை இல்ல. உயரமான நாற்காலியிலேருந்து கை ஊனாம எந்திரிச்சு உக்கார்றது, முதல்ல அடியில ரெண்டு தலகாணி போட்டு, அப்புறம் ஒண்ணு, அப்புறம் வெறும் நாற்காலி. சமையல் மேடையைப் பிடிச்சுக்கிட்டு குதிகாலைத் தூக்கி எறக்குறது, பால் பொங்குற நேரத்துல அதை முடிச்சுருவேன். சுவத்துல கை ஊனித் தள்ளுறது. ரப்பர் பேண்டைக் கதவுப் பிடியில கட்டி இழுக்குறது. பேண்ட் இல்லாதவங்க அரை லிட்டர் தண்ணி பாட்டிலைத் தூக்குங்க போதும். நான் தினமும் நடந்துக்கிட்டுதான் இருந்தேன், நடை இதயத்துக்கு நல்லது, ஆனா போன தசையைத் திரும்பக் கொண்டுவர நடை மட்டும் பத்தாது, எதிர்த்துத் தள்ளுற வேலை வேணும்.

ஜாக்கிரதையா இருக்க வேண்டியது சிலது இருக்கு. தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது, பிபி குப்புன்னு ஏறும், தள்ளும்போது மூச்சை வெளிய விடணும், எங்க பிசியோ ஒண்ணு ரெண்டுன்னு சத்தமா எண்ணச் சொல்லுவாங்க, எண்ணுனா மூச்சு தன்னால வெளிய போகும். மெட்டோபுரோலால் மாதிரி மாத்திரை சாப்பிட்டா நாடி வழக்கம்போல ஏறாது, அதனால வாட்ச்ல நாடியைப் பாத்து இன்னும் பண்ணலாம்னு கணக்குப் போடாதீங்க. பண்ணிக்கிட்டே ஒரு வாக்கியம் பேச முடியணும், பாட முடியக்கூடாது, அதான் அளவு. லாசிக்ஸ் சாப்பிடுறவங்களுக்குச் சட்டுன்னு எந்திரிச்சா தலை சுத்தும், நான் ஒரு தடவை ஃப்ரிட்ஜைப் பிடிச்சுத் தப்பிச்சேன். நெஞ்சு வலி, படபடப்பு, கண்ணு இருட்டுறது, காலு வீங்குறது, இதுல எது வந்தாலும் அன்னிக்கு நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போங்க. ஆபரேஷன் முடிஞ்சு எத்தனை நாள்ல ஆரம்பிக்கலாம்ங்கிறது ஆளுக்கு ஆள் மாறும், பைபாஸ் பண்ணவங்களுக்கு நெஞ்செலும்பு சேரணும், அவங்க கணக்கு தனி.

சாப்பாடுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. டாக்டர் ஒரு பேப்பர்ல எழுதிக் கூட்டச் சொன்னாரு. இட்லி ஒண்ணுல புரதம் ரெண்டு கிராம், கஞ்சியில அதுவும் இல்ல, ரசத்துல பேருக்கு. அக்கா போட்ட சாப்பாடு முழு நாளைக்கும் 30 கிராம் தேறல. சாதாரண ஆளுக்கே நம்ம நாட்டுக் கணக்குப்படி எடை கிலோவுக்கு 0.83 கிராம் வேணும், நோயிலேருந்து எழுந்திரிக்கிற வயசான உடம்புக்கு 1.2 கிராம், அப்படின்னா எனக்கு 70 கிட்ட. முதல்ல கிரியாட்டினின் பாத்துட்டுதான் கூட்டச் சொன்னாரு, கிட்னியில பிரச்சனை இருக்கிறவங்க இந்த நம்பரை அப்படியே எடுத்துக்காதீங்க. இப்ப காலையில ஒரு முட்டை, கூடப் பாசிப்பயறு தோசை. மத்தியானம் சாதத்தைக் குறைச்சுக் கெட்டிப் பருப்பு, வாரத்துல மூணு நாலு நாள் மீனோ தோல் உரிச்ச கோழியோ. சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதிலா ஒரு கிண்ணம் சுண்டல், அதுல எட்டு கிராம். ராத்திரி சப்பாத்திக்குப் பன்னீரோ மீல்மேக்கரோ, கூடத் தயிர். மீல்மேக்கரை நாம கேலி பண்றோம், காய்ஞ்சது அம்பது கிராம்ல 25 கிராம் புரதம் இருக்கு, சைவக்காரங்களுக்கு அதை விட மலிவா எதுவும் இல்ல. ஒரே வேளையில கொட்டாம மூணு வேளைக்கும் பிரிக்கணும். கருவாடும் ஊறுகாயும் வேண்டாம், உப்பு. நடுவுல மெடிக்கல்ல ரெண்டாயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு ஒரு புரோட்டீன் டப்பா தலையில கட்டுனாங்க, பின்னால திருப்பிப் பாத்தா பாதி சர்க்கரை. 2024ல வந்த நம்ம தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட வழிகாட்டியும் புரோட்டீன் பவுடரைத் தவிர்க்கத்தான் சொல்லுது. டாக்டரே இன்ன பவுடர்னு பேர் போட்டு எழுதிக் குடுத்தா மட்டும் வாங்குங்க.

இப்ப நிலைமை, பிடி 17 கிலோ, இன்னும் 18 ஆகல. நாற்காலி டெஸ்ட் 11 செகண்டுல முடிச்சுட்டேன். கெண்டைக்கால் ஒரு சென்டிமீட்டர்தான் கூடியிருக்கு, பலம் முதல்ல வரும், சதை மெதுவாதான் வரும்னு பிசியோ சொல்றாங்க. மூணு மாச சுகர் சராசரி 8.1லேருந்து 7.2க்கு வந்திருக்கு, அதுல சாதம் குறைச்சதுக்கும் பங்கு இருக்கும். மாடிப்படியில நடுவுல ஒரு தடவை நிப்பேன், நின்னா முன்ன மாதிரி செத்துருவோமோன்னு தோணுறதில்ல, காலு கேக்குதுன்னு தெரியுது.

பணம் பத்தி ஒண்ணு சொல்லணும், இதை யாரும் சொல்ல மாட்டாங்க. என் இன்சூரன்ஸ் பாலிசியில டிஸ்சார்ஜ் ஆனதுலேருந்து 60 நாள் வரைக்கும் ஆகுற செலவைத் தருவாங்கன்னு ஒரு பிரிவு இருந்தது, டாக்டர் எழுதிக் குடுத்திருந்தா பிசியோவும் அதுல வந்திருக்கும். எனக்கு விஷயம் தெரிஞ்சப்ப அந்தக் கெடு எப்பவோ முடிஞ்சுபோச்சு, பிசியோ பில்லு மொத்தம் இருபதாயிரத்துக்கு மேல என் பென்ஷன்லதான் போச்சு. அதனால வீட்டுக்குக் கெளம்புறதுக்கு முன்னாடியே வார்டு டாக்டர்கிட்ட கார்டியாக் ரீஹேப் (இதய நோயிலேருந்து தேறி வர்றதுக்கான பயிற்சி), பிசியோதெரபின்னு டிஸ்சார்ஜ் சம்மரியிலயே ஒரு வரி எழுதச் சொல்லி வாங்குங்க, டயட்டீஷியன்கிட்ட ஒரு நாளைக்கு எத்தனை கிராம் புரதம்னு நம்பரா கேளுங்க. நடமாட முடியாம வீட்டோட கெடக்குறவங்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிசியோ வீட்டுக்கே வந்து பாக்குறாங்க, 2021லேருந்தே இருக்கு, காசு இல்ல, உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல போய்ப் பேரைக் குடுக்கணும். எங்க தெருவுல பக்கவாதம் வந்த ஒரு பெரியவருக்கு அப்படித்தான் வர்றாங்க, நானும் அவரு மருமக சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.